காவிரிக் கரைப் பொற்காசுகள்

பழைய பொற்காசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று தராசு சொல்வது, மற்றொன்று காசின் முகம் சொல்வது. திருச்சி பெரிய கடை வீதியில் வராகன் என்னும் பொற்காசு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எடை பார்த்து, மாற்றுப் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரு தொகை தருவார்கள். அதே வகை வராகன் இன்னொன்றில் அச்சு முழுதாக விழுந்திருந்து, விளிம்பு நசுங்காமல், மேற்பரப்பு தேயாமல் இருந்தால் சேகரிப்பாளர் அதைப் போலப் பல மடங்கு கொடுப்பார். இரண்டு காசுக்கும் வயது ஒன்றுதான், தங்கமும் ஒன்றுதான். அச்சிலிருந்து விழுந்த நாளில் காசு எப்படி இருந்ததோ, அதில் எவ்வளவு இன்றும் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் சேகரிப்பாளர்கள் தரம் என்கிறார்கள்.

தமிழகத்தில் 2000 ஆண்டுகளாகப் புழங்கிய பொற்காசு வகைகளில் பெரும்பாலானவை திருச்சி வட்டாரத்தைத் தொட்டுச் சென்றிருக்கின்றன. முற்காலச் சோழரின் உறையூர், ரோமானிய வாணிகம் நடந்த கரூர், பொன் கொட்டிக் கிடந்த ஸ்ரீரங்கம், 18ஆம் நூற்றாண்டில் படைகள் மாறி மாறி முற்றுகையிட்ட மலைக்கோட்டை எல்லாம் சில நாள் நடைக்குள் அடங்கியவை. இருந்தும் உயர்ந்த தரத்தில் கிடைக்கும் காசு குறைவு. தங்கம் மென்மையானது, கைமாறக் கைமாறத் தேயும். அதைவிடப் பெரிய காரணம், தங்கத்தை உருக்குவது எளிது என்பது. ஒவ்வொரு ஆட்சியும் முந்தைய ஆட்சியின் காசை உருக்கித்தான் தன் காசை அடித்தது, குடும்பங்கள் தாலியும் வளையலும் செய்துகொண்டன. உருக்குக் குகைக்குத் தப்பியவை பெரும்பாலும் மண்ணுக்குள் போனவைதான்.

அப்படித் தப்பியவற்றில் பெரிய ஒன்று 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த ரோமானியப் புதையல். அதில் இருந்தவை 501 பொற்காசுகள். அகஸ்டஸ் காலத்துக் காசு முதல் கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காசு வரை அந்தப் புதையலில் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஈடாக ரோமிலிருந்து பொன் வெளியேறுவதைப் பற்றி முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். அந்தப் பொன்னில் ஒரு பிடி பிற்காலத்தில் இங்கே மண்வெட்டிக்கு அகப்பட்டது.

இந்தப் புதையலில் தரம் பற்றிய ஒரு பாடமும் இருக்கிறது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. நன்றாகத் தேய்ந்த காசுகளை இனி நாணயமாகச் செல்லாதபடி இங்கேயே யாரோ ஒரு அதிகாரி வெட்டிவைத்தார் என்பது ஒரு விளக்கம். அயல் அரசனின் முகத்தை அழித்து, வெறும் பொன்னாகப் புழங்கவிட்டார்கள் என்பது இன்னொன்று. ஏலத்தில் பார்த்தால் வெட்டு விழுந்த ஆரியஸ் என்னும் ரோமானியப் பொற்காசு தரம் இறங்கிய காசுதான். வரலாற்றுக்கோ அந்த வெட்டுதான் மதிப்பு, ரோமில் அடித்த காசுக்குத் தமிழ் நிலத்தில் நேர்ந்தது என்ன என்பதை அது ஒன்றே சொல்கிறது. தென்னிந்தியாவில் கிடைத்த வேறு சில ரோமானியக் காசுகளில் பேரரசர் தலைக்கு மேலே இரண்டு துளைகள் இருக்கும். முகம் நேராகத் தொங்கும்படி கழுத்தணியில் கோத்ததன் அடையாளம் அது. காசு மாலையின் வழக்கம் அவ்வளவு பழையது. இத்தகைய காசுகளைக் குறையுள்ளவை என்று ஒதுக்கும் சேகரிப்பாளர் தரத்தை மட்டும் பார்க்கிறார், காசைப் பார்ப்பதில்லை.

சோழர், பாண்டியர் காலத்துக்கு வந்தால் நிலைமை வேறு. கல்வெட்டுகளில் காசும் மாடையும் கழஞ்சும் வரிக்கு வரி வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று முதலீட்டுக் கணக்கே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொற்காசுகளோ மிகக் குறைவு. உத்தம சோழனின் பொற்காசு ஒன்றை வால்டர் எலியட் 1886இல் வெளிவந்த தம் தென்னிந்திய நாணய நூலில் படமாக வரைந்து காட்டினார். காசு பிறகு காணாமல் போயிற்று, படம் மட்டும் நிற்கிறது. புலியும் மீனும் வில்லும் பொறித்த சோழப் பொற்காசு நல்ல நிலையில் வெளிவந்தால் நாடெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் கவனிப்பது இதனால்தான்.

ஸ்ரீரங்கத்தின் வரலாறு இந்தப் பற்றாக்குறைக்கு விளக்கம் தருகிறது. 1251இல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அரங்கன் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான், துலாபாரம் தூக்கிப் பொன் கொடுத்தான், பொன் வேய்ந்ததையே பட்டப்பெயராகவும் சூடிக்கொண்டான். அவ்வளவு பொன்னும் கூரையாகவும் கவசமாகவும் பாத்திரமாகவும் ஆயிற்று. அதற்கு எத்தனை பழங்காசுகள் உருகின என்று கணக்கிட வழியில்லை. பிறகு டெல்லியிலிருந்து 1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பு, 1323இல் உலுக் கானின் படையெடுப்பு. தெற்கே திரண்ட பொன் மூட்டையாக வடக்கே போனது. உற்சவமூர்த்தி ஊர் ஊராக மறைந்து திரிந்து, 1371இல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் காலத்தில்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். அடுத்து வந்த விஜயநகர ஆட்சி புதிதாக ஒரு பொன் நாணய முறையைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை வராகன்.

காவிரிக் கரைச் சேகரிப்பாளர்களுக்கு வராகனே மையம். எடை ஏறத்தாழ 3.4 கிராம், அகலம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதில் பாதி பிரதாபம். பத்தில் ஒரு பங்கு பணம், 0.34 கிராம்தான் இருக்கும், கை தவறிக் கீழே விழுந்தால் தேடி எடுப்பது கடினம். 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸாக் இந்த மூன்றையும் தம் குறிப்பில் விவரித்திருக்கிறார். வராகனின் முன்புறத்தில் தெய்வ உருவம், பின்புறத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். கிருஷ்ணதேவராயர் காசில் அமர்ந்த பாலகிருஷ்ணன், அச்சுதராயர் காசில் யானைகளை அலகிலும் நகத்திலும் பற்றிய கண்டபேரண்டப் பறவை, திருமலைராயர் காசில் சீதையோடும் இலக்குவனோடும் இராமன், இரண்டாம் வேங்கடபதிராயர் காசில் தோரணத்தின் கீழ் நிற்கும் வேங்கடேசர். இந்தக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு நூற்றாண்டின் பக்தி மாற்றம் கண்முன் தெரியும்.

வராகனின் தரத்தைக் கணிப்பது தனிக் கலை. காரணம் அது செய்யப்பட்ட முறை. எடை பார்த்து வெட்டிய பொன் வட்டை அடியச்சின் மேல் வைத்து, மேலச்சை வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி அடிப்பார்கள். அச்சு பெரும்பாலும் வட்டைவிடப் பெரியது. எனவே உருவத்தில் ஒரு பகுதிதான் காசில் விழும். ஒரு காசில் தெய்வத்தின் தலை போயிருக்கும், மற்றொன்றில் பாதம் போயிருக்கும். தலை, ஆயுதம், பீடம் மூன்றும் வட்டுக்குள் அடங்கிய காசு அரிதாகவே தேறும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அச்சு நடுவில் விழுந்ததா என்பது.

அடுத்தது அடி எவ்வளவு உறுதியாக விழுந்தது என்பது. அடி சரியாக விழாத இடம் மொட்டையாக இருக்கும், தேய்ந்த இடமும் மொட்டையாகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் நல்ல காசைக் கைவிட்டுத் தேய்ந்த காசை வாங்குவார். அடி விழாத இடத்தில் வட்டின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். பெரும்பாலும் காசைத் திருப்பினால் மறுபக்கத்திலும் அதே இடத்தில் அழுத்தம் குறைந்திருக்கும். தேய்மானம் மேடுகளில் மட்டும் வரும். தெய்வத்தின் முழங்கால், மார்பு, பின்புற எழுத்துகளின் முகடு ஆகியவை வழுவழுப்பாகிவிடும், பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். மூன்றாவதாகப் பார்ப்பது பின்னால் பட்ட காயங்கள். சராப்புகள் மாற்றுச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகள், விளிம்பில் சுரண்டிய தடம், நகைக்கு வளையம் பற்றவைத்த வடு.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய சென்ட் காசுகளுக்காக ஒன்று முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 1980களில் தொடங்கிய தரச்சான்று நிறுவனங்கள் அதையே எடுத்துக்கொண்டு, காசைக் கண்ணாடிபோன்ற பெட்டியில் அடைத்து எண் கொடுக்கின்றன. 60 அல்லது அதற்கு மேல் எண் பெற்றவை புழக்கத்தில் தேயாதவை. இயந்திரத்தில் அடித்த காசுகளுக்கு இந்த எண் நன்றாகவே உதவும். சம்மட்டிக் காசுக்கு அது போதாது. 63 எண் பெற்ற வராகனில் தெய்வத்தின் தலையே இல்லாமல் இருக்கலாம், 50 எண் பெற்றதில் உருவம் முழுதாக இருக்கலாம். எண்ணை மட்டும் நம்பி வாங்குவதைவிடக் காசைப் பார்த்து வாங்குவதே இங்கு அறிவு.

2020 பிப்ரவரியில் பழைய பொற்காசு பற்றிய பேச்சு திருச்சி மக்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. திருவானைக்கா ஜம்புகேசுவரர் அகிலாண்டேசுவரி கோயில் நிலத்தில் தோண்டியபோது சுமார் ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரம் அகப்பட்டது. உள்ளே 505 பொற்காசுகள், மொத்தம் 1.716 கிலோ. 504 சிறியவை, ஒன்று பெரியது. அரபு எழுத்துகள் தென்பட்டன என்றும், 1000 முதல் 1200 வரையிலான காலத்தவையாக இருக்கலாம் என்றும் முதல் நாள் செய்திகள் கூறின. தராசு காட்டுவது வேறு திசை. 1,716 கிராமை 505ஆல் வகுத்தால் ஒரு காசுக்கு ஏறத்தாழ 3.4 கிராம் வருகிறது. அது வராகனின் எடை, வராகனோ 14ஆம் நூற்றாண்டு முதல் வந்த முறை. அரபு எழுத்து பொறித்த வராகன்களும் இருந்தன. ஹைதர் அலி அடித்ததில் ஒரு பக்கம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள், மறுபக்கம் பொடிமணி நிறைந்த பரப்பில் அவர் பெயரின் முதல் அரபு எழுத்து இருக்கும். எடைக் கணக்கு வழி காட்டும், தீர்ப்பு சொல்லாது. ஒவ்வொரு காசையும் அச்சோடு ஒப்பிட்ட பின்பே காலம் உறுதியாகும்.

ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் உள்ள காவிரித் தீவில் பொன் புதைக்கக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1751, 1752 ஆண்டுகளில் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி, வெளியே அவரோடு ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். முற்றுகை உடைந்தபின் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, ஸ்ரீரங்கம் திருவானைக்கா ஆகிய இரண்டு கோயில்களின் மதில்களுக்குள் ஒதுங்கி, 1752 ஜூனில் சரணடைந்தார். மதிலுக்கு உள்ளும் புறமும் பீரங்கி நிற்கும்போது கையிருப்பைப் பானையில் போட்டுப் புதைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பிவந்து தோண்டினார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. ஒரு புதையலில் காசுகள் கலந்து கிடக்கும் விதமே அதைப் புதைத்த ஆண்டைக் கணிக்க உதவும். ஆகவே புதையலைப் பிரிக்காமல் முழுதாக வைத்திருப்பது அவசியம். சிதறி விற்றால் 505 காசுகள் மிஞ்சும், செய்தி போய்விடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் திருச்சிச் சந்தையிலும் தாராளமாகப் புழங்கியது. முன்புறம் கோடுகளாகச் சுருங்கிப்போன ஒரு விஷ்ணு உருவம், பின்புறம் பொடிமணிப் பரப்பின் நடுவே ஒரு நட்சத்திரம். முதலில் தேய்வது அந்த மணிகள்தான், அவை தனித்தனியாக எழும்பி நின்றால் உயர்ந்த தரம். 1808 முதல் சென்னை நாணயச்சாலை இயந்திரத்தில் அடித்த இரட்டை வராகனோ இன்னொரு உலகம். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோயில் கோபுரம், ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, தமிழும் தெலுங்கும். கோபுரத்தின் நிலைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும் காசு தென்னிந்தியச் சேகரிப்பின் சிகரங்களில் ஒன்று. 1818இல் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு முடித்து, சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே நாணயம் என்று ஆக்கினார்கள். வராகன்கள் மீண்டும் உருக்குக் குகைக்குப் போயின.

அதன்பின் வீடுகளுக்குள் வந்தது பிரிட்டிஷ் சவரன், 22 காரட், 7.98 கிராம். தமிழ் வீடுகளில் இன்றும் அதிகமாகக் கிடைக்கும் பழைய பொற்காசு இதுவே. முதல் உலகப் போர்க் காலத்தில் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். 1918 என்ற ஆண்டோடு, தேதிக்கு மேலே தரைக்கோட்டில் பொடியாக ஆங்கில ஐ எழுத்து இருந்தால் அது பம்பாய்ச் சவரன். ஏறத்தாழ 13 லட்சம் அடிக்கப்பட்டது, எனவே அரிது என்று சொல்ல முடியாது. ஆனால் காசு மாலையிலும் அட்டிகையிலும் போகாமல், வளையம் பற்றவைக்காமல் கிடைப்பது குறைவு. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நடப்பில் இருந்தது. அந்த ஆண்டுகளில் பொன்னை நகையாக வைத்திருப்பது எளிது, கட்டியாகவோ காசாகவோ வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு. காசுகள் நகையாக மாறியதில் அதற்கும் பங்கு உண்டு. பற்றவைத்த காசைப் பொற்கொல்லர் எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்தாலும் விளிம்பில் வடு நிற்கும், தரச்சான்று நிறுவனங்கள் அதற்கு எண் கொடுக்க மறுக்கும். மெருகு ஏற்றிய காசுக்கும் அதே கதி. நல்லெண்ணத்தோடு புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சவரன் சேகரிப்பாளர் கண்ணில் அப்போதே தங்க விலைக்கு இறங்கிவிடுகிறது.

நாணய ஆய்வு திருச்சிக்குப் புதிதில்லை. 1889இல் கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு கையேடு எழுதினார். அதே தலைமுறையில் டி.எம். ரங்காச்சாரியும் திருச்சி வழக்கறிஞர் டி. தேசிகாச்சாரியும் அதுவரை அச்சில் வராத விஜயநகரக் காசுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். தேசிகாச்சாரி பல்லாண்டுச் சேகரிப்பின் பயனாக 1933இல் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தம் ஆங்கில நூலைத் திருச்சியிலிருந்தே வெளியிட்டார். காசை வாங்கிப் பூட்டி வைக்காமல், படித்து, அச்சிட்டு, மற்றவர் சரிபார்க்கும்படி வைத்த சேகரிப்பு அது. பின்னாளில் சங்ககால நாணய ஆய்வில் தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி செய்ததும் இதே வகைப் பணி.

போலிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. வார்த்தெடுத்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் காற்றுக் கொப்புளத் தடம் இருக்கும், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடும். சம்மட்டிக் காசில் இரண்டு ஒரே மாதிரி அமையாது. ஆகவே ஒரே கீறல், ஒரே விளிம்போடு இரண்டு காசு கண்டால் அவற்றில் ஒன்றாவது வார்ப்பு. உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நகைக்குச் சரி, காசுக்கு அது ஒரு காயம். நீரில் எடை பார்ப்பது தீங்கில்லாத சோதனை. காற்றில் 7.98 கிராம் உள்ள சவரன் நீருக்குள் ஏறக்குறைய 7.53 கிராம் காட்டும். குறைந்த எடை 0.45. முதல் எடையை அதனால் வகுத்தால் 17.7, அது 22 காரட் தங்கத்துக்குரிய அடர்த்தி. தூய தங்கத்துக்கு 19.3. இதுவும் எல்லாப் போலியையும் பிடிக்காது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட்டில் சரியான எடையில், சரியான தங்கத்திலேயே போலிச் சவரன்கள் அடித்தார்கள். அவற்றை எழுத்து வடிவத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும். இராமர் பட்டாபிஷேகம் பொறித்த இராமடங்காக் காசு போலியும் இல்லை, நாணயமும் இல்லை. அது வழிபாட்டுக்கென்று அடித்தது. சோழர் காலக் காசு என்று சொல்லி அதை விற்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

சட்டம் தெரியாமல் இந்தத் துறையில் இறங்கக் கூடாது. 1878இன் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும். இது பலருக்குத் தெரியாததால் ஏரிக்கரையிலும் வயலிலும் அகப்படும் பொன் இரவோடு இரவாக உருகிவிடுகிறது. 1972இன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைக்குப் பாட்டியின் வராகனைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் இதில் அடங்கும்.

வாங்குவதற்கு முன் பார்த்துக் கண் பழக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் தமிழகப் புதையல்கள் பல சேர்ந்திருக்கின்றன. திருச்சியில் மலைக்கோட்டை அருகே இராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

கையில் உள்ள காசை விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும். துடைக்க வேண்டாம். தங்கம் கறுக்காவிட்டாலும் அதில் கலந்த செம்பு கறுக்கும், ஆகவே வாடை வரும் மலிவான பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு காசோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எடை மில்லிகிராம் வரை, அகலம், இரு பக்கப் படம், யாரிடம் எப்போது வாங்கியது, எந்த ஊரில் கிடைத்ததாக விற்றவர் சொன்னார் என்ற விவரம், வாங்கிய ரசீது. காசு கிடைத்த ஊரின் பெயர் உறுதியாக இருந்தால் தேய்ந்த பணக் காசுகூட ஆய்வாளருக்கு உதவும்.